செத்தவன் சிரிக்கணும்

தம்பி, தம்பி, கதவைச் சாத்தாதீங்க. ஒரே நிமிஷம். நான் குடிகாரன் இல்ல, டிக்கெட் இல்லாமலும் வரல. இதோ பாருங்க, பால்கனி டிக்கெட்டு. கீழ நிக்கறாரே டிக்கெட் கிழிக்கறவரு, அவரைத் தான் ஆபரேட்டர் ரூம் எங்கன்னு கேட்டேன். இரும்புப் படி ஏறிப் போ, தலை இடிக்கும், குனிஞ்சுக்கோன்னாரு. குனிஞ்சேன். அப்பவும் இடிச்சுது.

ராஜா ஓலை அனுப்பற சீன் தான ஓடிக்கினு இருக்கு? அப்போ சண்டைக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் இந்த ஓரமா நின்னுக்கறேன். எதையும் தொட மாட்டேன். இந்தக் கண்ணாடி வழியா ஸ்க்ரீன் தெரியுது, அது போதும்.

எம்பேரு ஏகாம்பரம். வடபழனி. இந்தப் படத்துல நான் நடிச்சிருக்கேன். இன்னா சிரிக்கறீங்க? நெசமாத்தான். ‘பெருங்கலகம்’னு வாசல்ல இத்தாம்பெரிய பேனர் கட்டியிருக்கீங்களே, அதுல குதிரைக்குப் பின்னால ஒரு கூட்டம் நிக்குது பாருங்க, அதுல எங்கயோ நானும் நிக்கறேன். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். முப்பது வருஷமா இதே தொழில். போலீசா நின்னிருக்கேன், கல்யாணப் பந்தியில சாப்பிட்டிருக்கேன், கோர்ட்டு சீன்ல பின்பெஞ்சுல உக்காந்திருக்கேன். ஆனா ராஜா காலத்துப் படம்னா எங்க ஏஜென்ட் நாதமுனி மொதல்ல எனக்குத் தான் போன் பண்ணுவாரு. ஈட்டி புடிக்க இந்தக் காலத்துப் பசங்களுக்கு எவனுக்குத் தெரியுது? துடைப்பத்தைப் புடிக்கற மாதிரி புடிக்கறானுங்க.

சரி, சரி, விஷயத்துக்கு வரேன். கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு உதவி. படம் முடிஞ்சதும் பேரு ஓடும் இல்ல? அப்போ நிறுத்திடாதீங்க. லைட்டைப் போடாதீங்க. கடைசிப் பேரு வரைக்கும் ஓட விடுங்க. பேரு ஒரு பக்கம் ஓடும்போதே இன்னொரு பக்கம் ஷூட்டிங்ல எடுத்த வீடியோ துண்டு துண்டா ஓடுமாம். டில்லிபாபு சொன்னான். எங்க கூட வேலை செய்யறவன். தங்கச்சி வீட்டுக்கு பெங்களூர் போனப்போ அங்க ஒரு மால்ல பாத்தானாம். அங்கெல்லாம் கடைசி வரைக்கும் ஓட்டுவாங்களாம். “ஏகாம்பரம், கடைசியில உம்புள்ள வர்றான்யா, சிரிக்கறான்யா”ன்னான். அவன் குடிச்சுட்டுச் சொன்னானா, நெசமாவே பாத்தானா, எனக்குத் தெரியல. நான் பாக்கணும்.

காஞ்சிபுரத்துல போய் உக்காந்தேன். பேரு ஆரம்பிச்சதுமே பட்டுனு லைட்டு. வந்தவாசியில அதைவிட மோசம், ஹீரோயின் இன்னும் அழுதுக்கினு இருக்கா, கதவைத் தொறந்து உட்டுட்டானுங்க. ஒரு அம்மா துடைப்பத்தோட வந்து காலைத் தூக்கு, காலைத் தூக்குன்னுது. திண்டிவனத்துல ஆபரேட்டர் கையைப் புடிச்சே கெஞ்சினேன். “யோவ், பேரு படிக்கறதுக்கா படம் பாக்க வந்த?”ன்னு கேட்டான். அடுத்த ஷோவுக்கு நேரமாச்சாம். சென்னையில எல்லா இடத்துலயும் தூக்கிட்டாங்க. போன்ல வரும், அதுல பாருன்னு நீங்களும் சொல்லாதீங்க. ஏதோ கேசு நடக்குதாம், இப்போதைக்கு வராதாம். உங்க செய்யாறுல தான் இன்னும் ஓடுது. அதுவும் நாளையிலருந்து வேற படம்னு வாசல்ல ஒட்டிட்டீங்க. அதான் ஓடி வந்தேன்.

எம்புள்ள பேரு சுதாகர். போன ஆடியில தவறிட்டான்.

இருக்கட்டும், இருக்கட்டும், நீங்க எழுந்திருக்க வேணாம். உக்காருங்க.

சிரிச்சா இன்னா, சிரிக்காட்டி இன்னான்னு தான கேக்கறீங்க? தம்பி, உங்களுக்குப் படம் ஓட்டத் தெரியும், எடுக்கறதுல இருக்கற சாங்கியம் தெரியாது. சினிமாவுல எவன் செத்த மாதிரி படுத்தாலும், ஷாட்டு முடிஞ்சதும் எழுந்து கேமராவைப் பாத்துச் சிரிக்கணும். அதையும் எடுக்கணும். படத்துல வராது, ஆனா எடுக்கணும். எமன் அந்தப் பக்கமா போறவன் பாத்து, ஆளு போயிட்டான் போலன்னு கணக்கு வெச்சுக்குவானாம். எழுந்து சிரிச்சா தான், அட, இவன் சும்மா படுத்திருக்கான்டான்னு உட்டுட்டுப் போவானாம். சிரிக்காதீங்க. எத்தினி பெரிய ஹீரோ, அவங்களே பண்றாங்க. இந்தப் படத்துலயும் ஹீரோ சாவறாரு இல்ல, அன்னிக்குப் பூசணிக்கா ஒடைச்சாங்க, கற்பூரம் சுத்தினாங்க, அவரு எழுந்து பல்லு தெரியச் சிரிச்சாரு, எல்லாரும் கை தட்டினோம். எங்களுக்கு யாரு எடுப்பா? கூட்டத்துல செத்தவன் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு பஸ் ஏற வேண்டியது தான்.

இதோ, இந்த சீன் பாருங்க. ஜனங்க ஏரு, கலப்பை எல்லாத்தையும் அரண்மனை வாசல்ல போட்டுட்டு உக்காந்துடறாங்க. மழை இல்ல, வெள்ளாமை இல்ல, ராஜா வரி கேக்கறான், அவங்க எங்க போவாங்க? எல்லாரும் கெட்டியா உக்காந்திருக்கும்போது அவங்கள்லயே ஒருத்தன் எழுந்து ராஜா பக்கம் போறான் பாருங்க. அந்த நாயால தான் கலகமே தோத்துப் போச்சு. அவனைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வரும். காஞ்சிபுரத்துல த்தூன்னு சத்தமாவே துப்பிட்டேன், முன்சீட்டு ஆளு சண்டைக்கு வந்துட்டான்.

இந்தச் சண்டை எல்லாம் செஞ்சிக்கு அந்தாண்ட ஒரு பொட்டக்காட்டுல எடுத்தது. சித்திரை வெயிலு. மொத்தமே முன்னூறு பேர் தான். ரெண்டு சேனையும் நாங்களே. காலையில ராஜா ஆளு, மத்தியானம் முண்டாசை மாத்திக் கட்டினா கலகக்காரன். வெட்டறதும் நான் தான், வெட்டு வாங்கி விழறதும் நான் தான். சாக்குத் துணியில கருப்புச் சாயம் அடிச்சு, அதான் கவசம். உள்ள வேர்வை ஊத்தும். ரத்தத்துக்கு வெல்லப்பாகுல சேப்புக் கலரு கலந்து அடிச்சாங்க. அதுல ஈ வந்து மொய்க்கும். பொணம் ஈ ஓட்டக் கூடாது, ஓட்டினா மறுபடியும் எடுக்கணும். டைரக்டரு சின்ன வயசு, படிச்சவரு. அவருக்கு எல்லாம் நெசமா இருக்கணும். எழுநூறு வருஷத்துக்கு முன்னால ஏழை ஜனம் பட்ட பாட்டை உலகத்துக்குக் காட்டணும்னு மைக்குல பேசினாரு. பேசும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. குடைக்குக் கீழ நின்னு தான் பேசினாரு, பாவம், அவருக்கு வெயிலு ஒத்துக்காது.

குதிரைங்களுக்குப் பந்தல் போட்டிருந்தாங்க. தென்னங்கீத்துப் பந்தல், தொட்டி நிறைய தண்ணி. எங்களுக்குப் பந்தல் இல்ல. லாரித் தண்ணி வரும், கொதிக்கும். இதெல்லாம் நமக்குப் புதுசா? முப்பது வருஷமா இப்படித் தான். ஆனா எம்புள்ளைக்குப் பொறுக்கல. ஒரு நாள் காலையில சைதாப்பேட்டை ஆளு ஒருத்தரு வாந்தி எடுத்து விழுந்துட்டாரு. அவரை இட்டுனு போய் குதிரைப் பந்தல்ல படுக்க வெச்சான் சுதாகர். குதிரைக்காரன் வந்து, மெரளும், மெரளும், எடுத்துட்டுப் போன்னான். அவ்ளோ தான். இவன் நேரா மைதானத்துக்கு நடுவுல போய் ஈட்டியைக் கீழ போட்டான். “குதிரைக்குப் போட்ட பந்தல் எங்களுக்கும் போட்டா எழுந்திருக்கறோம்”னு உக்காந்துட்டான். உடனே டில்லிபாபு உக்காந்தான். அப்புறம் ஒவ்வொருத்தனா, முன்னூறு பேரும். ஈட்டி விழற சத்தம் கேக்கணுமே தம்பி நீங்க, கலகலன்னு. நானும் உக்காந்தேன். உக்காரலன்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் உக்காந்தப்போ நான் மட்டும் நின்னா நல்லா இருக்குமா?

நாதமுனி என்னைத் தனியா கூப்ட்டாரு. என் கல்யாணத்துல முன்னால நின்னு நடத்தி வெச்ச மனுசன். “ஏகாம்பரம், உம்புள்ளயை நீ தான் பாத்துக்கணும். இன்னிக்கு ஷூட்டிங் நின்னா என் பேரு கெட்டுரும்”னாரு. அப்புறம் ஒண்ணு சொன்னாரு. “பையன் நல்லா இருக்கான், முகத்துல ஒரு கோவம் இருக்கு. டைரக்டர்கிட்ட சொல்லி அவனுக்கு ஒரு க்ளோசப் வாங்கித் தரேன்.” க்ளோசப்பு தம்பி! முப்பது வருஷத்துல எனக்கு ஒண்ணு கிடைச்சதில்ல. என் மூஞ்சி எந்தப் படத்துலயும் தனியா வந்ததில்ல. எம்புள்ளைக்கு வரட்டுமேன்னு நெனச்சேன். எந்த அப்பன் நெனைக்க மாட்டான்?

நான் இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. யாரையும் திட்டல, யார் மேலயும் கை வைக்கல. ஈட்டியை எடுத்துக்கினு என் இடத்துல போய் நின்னேன். அவ்ளோ தான். என் பின்னால ரெண்டு பேரு எழுந்தானுங்க, அப்புறம் பத்து பேரு, அப்புறம் எல்லாரும் எழுந்துட்டானுங்க. அதுக்கு நானா பொறுப்பு? அவனவனுக்குப் புத்தி இல்ல? கடைசியில சுதாகர் மட்டும் நடுவுல உக்காந்திருந்தான். என்னையே பாத்தான். கொஞ்ச நேரம் பாத்துட்டு எழுந்து, கால்ல ஒட்டின மண்ணைத் தட்டி உட்டுட்டு வரிசைக்கு வந்துட்டான். புத்திசாலிப் பையன். புரிஞ்சுக்குவான்.

மறுநாள் எங்களுக்கும் பந்தல் போட்டுட்டாங்க, அது வேற விஷயம். அன்னிக்கு அவன் வரல.

சங்கு ஊதிட்டான். ஆரம்பிச்சுருச்சு. அதோ, இடது பக்கம், கேடயத்தைத் தலைக்கு மேல தூக்கினு ஓடறது நான். போச்சு, போயிட்டேன். சீக்கிரம் போயிடுவேன். இப்போ கலகக்காரங்க வருவாங்க. அதுலயும் நான் இருக்கேன், சேத்துல விழறது. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும். இதுக்கு அப்புறம் தான் சுதாகர் வரான். சொன்ன மாதிரியே, உக்காந்த அன்னிக்கு மத்தியானமே வாங்கிக் குடுத்தாரு நாதமுனி. ராஜா ஆளு ஒருத்தன் ஓடி வந்து குத்தணும், சுதாகர் முகம் மட்டும் தெரியணும். யாரு குத்தறதுன்னு ஃபைட் மாஸ்டர் பாத்தாரு. காலையில நடந்தது அவருக்கும் தெரியும். “அப்பனே குத்தட்டும், பையன் முகத்துல நல்லா வரும்”னாரு. என் முதுகு தான் வரும் அதுல. பரவால்ல, முன்னூறு பேருல மூஞ்சி தெரியறது எம்புள்ளைக்கு மட்டும் தான்.

இப்போ வரும். நீங்க பாருங்க, நான் பாக்கல. எத்தினி தடவை படம் பாத்தாலும் இங்க கண்ணை மூடிக்குவேன். ஆச்சா? குத்தியாச்சா? கண்ணைத் தொறந்துக்கினே விழுந்தானா? நல்லா பண்ணியிருக்கான் இல்ல? எல்லாரும் சொல்றாங்க. ஷாட்டு முடிஞ்சதும் படுத்தபடியே என்னைப் பாத்து, “ஒரே டேக்குல ஓகே பண்ணிட்டியேப்பா”ன்னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு. எம்புள்ள என் தொழிலைப் பாராட்டினது அதான் மொதத் தடவை.

அப்போ தான் சாங்கியம் ஞாபகம் வந்துச்சு. ஓடினேன் தம்பி. அசிஸ்டென்ட் டைரக்டர்கிட்ட, “சார், பையனுக்கு ஒரு சிரிப்பு எடுத்துடுங்க”ன்னேன். “முன்னூறு பொணத்துக்கும் சிரிப்பு எடுத்தா நான் எப்போ படம் எடுக்கறது?”ன்னு சிரிச்சாரு. ஒரு பொண்ணு இருந்துச்சு, சின்ன கேமராவை வெச்சுக்கினு ஷூட்டிங்கையே வீடியோ எடுத்துக்கினு திரியும். நல்ல பொண்ணு. “நான் எடுக்கறேன், சிரிக்கச் சொல்லுங்க”ன்னுது. ஓடி வந்து, “எழுந்துருடா, கேமராவைப் பாத்துச் சிரிடா”ன்னேன். கண்ணை மூடினு அப்படியே கெடக்கான். மூஞ்சி பூரா ஈ. “சாங்கியம்டா, சுதா, வெளையாடாத, ஒரு தடவை சிரிச்சுட்டுப் போடா”ன்னேன். “போப்பா”ன்னான். அவ்ளோ தான் சொன்னான். அதுக்குள்ள அந்தாண்ட குதிரை ஷாட்டுக்கு என்னைக் கூப்ட்டுட்டாங்க. போகாம இருக்க முடியுமா? போனேன். திரும்பி வந்தப்போ அவன் பஸ் ஏறிப் போயிருந்தான்.

அதுக்கு அப்புறம் நாதமுனி அவனைக் கூப்பிடல. கொஞ்ச நாள் ஆறட்டும்னு நெனச்சிருப்பாரு. “பையன் வேணாம் ஏகாம்பரம், நீ வா”ம்பாரு. நான் போனேன். நானும் போகாம இருந்தா வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? சுதாகர் எங்கெங்கயோ கேட்டான், எந்த ஏஜென்ட்டும் சேக்கல. கடைசியில கண்ணாடி தொடைக்கற வேலைக்குப் போனான். பழைய மகாபலிபுரம் ரோட்டுல கம்பெனிக் கட்டடம் எல்லாம் கண்ணாடியில இருக்கு பாருங்க, மொட்டை மாடியிலருந்து கயித்துல தொங்கிக்கினு தொடைக்கணும். ஆடி மாசம், காத்து. கயிறு பழசாம்.

நான் சொன்னேன் தம்பி. அன்னிக்கே சொன்னேன் சிரிடான்னு. ஒரு சிரிப்பு, பல்லைக் காட்டினா முடிஞ்சு போச்சு. கேக்கல. படுத்துக் கெடந்தவனை எமன் பாத்துட்டுப் போயிட்டான். இதைச் சொன்னா என் பொண்டாட்டிக்குப் புரியல. தேவகி பேரு. காரியத்து அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னா, “நீ அன்னிக்கு எழுந்திருக்காம உக்காந்திருந்தா எம்புள்ள கயித்துல தொங்கியிருக்க மாட்டான்யா”ன்னு. அன்னிக்குப் பேசினது தான். இப்போ சோத்தைப் போட்டுத் தட்டை வெச்சுட்டு உள்ள போயிடுவா. அவளுக்கு இன்னா தெரியும்? சினிமா சாங்கியம் தெரியுமா? தெனமும் நான் தான் சொவத்தைப் பாத்து சொல்லிக்கினு இருக்கேன், சிரிக்கலடி, அவன் சிரிக்கலடின்னு.

வீட்டுல அவன் சிரிக்கற போட்டோ ஒண்ணு கூட இல்ல. சொவத்துல மாட்டியிருக்கறது யூனியன் கார்டுல ஒட்டின போட்டோ, மொறைச்சுக்கினு இருப்பான். டில்லிபாபு சொன்னது நெசமா இருந்தா, என் மேல கோவம் இல்லன்னு தான அர்த்தம்? கோவம் இருந்தா சிரிப்பானா? அதைப் பாத்துட்டேன்னா போதும். நேரா போய் தேவகிகிட்ட சொல்லுவேன், பாருடி, எம்புள்ள என் மேல கோவமா போகல.

முடியுதா? ஆமா, கொடி விழுந்துருச்சு. தம்பி, கையை எடுங்க. அதுல கை வைக்காதீங்க. உங்க கால்ல விழறேன். ஓடட்டும். உங்க முதலாளி கேட்டா ஒரு கெழவன் தகராறு பண்ணான்னு சொல்லுங்க.

ரொம்ப நன்றி சாமி. நீ நல்லா இருப்ப.

பேரு ஓடுது. ஜனங்க எழுந்து போறாங்க, போகட்டும். ஹீரோ குதிரை மேல ஏறத் தெரியாம வழுக்கறாரு. அதோ டைரக்டர், குடை. சாப்பாட்டு வண்டி. இது செஞ்சி தான், அந்தப் பாறை எனக்குத் தெரியும். பொணங்க கெடக்கு. தம்பி, அந்த சேப்பு முண்டாசு! சுதாகர் தான் அது! பக்கத்துல நான் குனிஞ்சு நின்னு கையைக் கையை ஆட்டறேன் பாருங்க, சிரிடா சிரிடாங்கறேன். கண்ணைத் தொறக்கல பாருங்க. இது எனக்குத் தெரியும். இப்போ நான் போறேன். ஈட்டியைத் தோள்ல சாத்தினு போறேன். அடச்சே, இப்படியா நடக்கறேன் நான்? கூன் போட்டுக்கினு, காலை இழுத்துக்கினு? யாரும் சொன்னதே இல்லியே.

எழுந்துட்டான். எழுந்து உக்காந்துட்டான் தம்பி. கேமராப் பக்கம் திரும்பல, நான் போறதைத் தான் பாக்கறான். என் முதுகைப் பாக்கறான். ஈயை ஓட்டறான். அந்தப் பொண்ணு ஏதோ கேக்குது போல. கையை நீட்டி என்னைக் காட்டறான். அப்பான்னு சொல்றான், அப்பான்னு தான் வாய் அசையுது.

சிரிச்சான்! பாத்தீங்களா? பாத்தீங்களா தம்பி? நல்லா சிரிச்சான். கேமராவைப் பாத்தும் சிரிச்சான். சின்னப் பையனா இருந்தப்போ சிரிப்பானே, அதே சிரிப்பு. நான் திரும்பல. ஒரு தடவை திரும்பியிருந்தா பாத்திருப்பேன். அய்யோ, எம்புள்ள சிரிச்சிருக்கான். கோவமே இல்ல. டில்லிபாபு பொய் சொல்லல.

சாங்கியம் ஆயிடுச்சு. எடுத்திருக்காங்க. எழுந்துட்டான், சிரிச்சுட்டான், எல்லாம் செஞ்சுட்டான்.

அப்போ ஏன் தம்பி? எல்லாம் சரியாத் தான பண்ணியிருக்கான்? அப்போ எதனால?

சிரிக்கலன்னு தான் இத்தினி நாளா அவகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். இப்போ வீட்டுக்குப் போய் தேவகிகிட்ட நான் இன்னான்னு சொல்றது? சொல்லுங்க. நீங்க படிச்ச பையன், நீங்களே சொல்லுங்க.

முடிஞ்சுதா? பேரெல்லாம் முடிஞ்சுதா?

லைட்டைப் போடாதீங்க தம்பி. கொஞ்ச நேரம் இருங்க. இன்னும் போடாதீங்க.